27 பேர் கூடிய கூடம்

தனியே உட்கார்ந்து செய்ய வேண்டிய தொழில்கள் சில உலகத்தில் இருக்கின்றன. கதை எழுதுவது அவற்றில் ஒன்று. கடிகாரம் பழுது பார்ப்பது இன்னொன்று. இந்தத் தொழில்களில் ஈடுபட்டவர்களுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் வேலை ஓடாது. ஆள் இல்லாவிட்டாலோ சில சமயம் மனமே ஓடாது. நாள் முழுவதும் வாயைத் திறக்காமல் வேலை செய்தவன், அதே தொழில் செய்கிற இன்னொருவனைச் சந்தித்துவிட்டால், அப்புறம் அவன் பேச்சை நிறுத்துவது யாராலும் ஆகாத காரியம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வெறும் அரட்டையாகத் தோன்றும். ஆனால் வெறும் பிழைப்பாக இருந்த எத்தனையோ வேலைகள் கலை என்று தலை நிமிர்ந்தது இத்தகைய அரட்டைகளுக்குப் பிறகுதான்.

அப்படி ஓர் அரட்டைக் கூட்டத்தின் சரித்திரத்தை இங்கே சொல்லப் போகிறேன். அது வீடியோ விளையாட்டுகளை ஆக்குகிறவர்களைப் பற்றியது.

வீடியோ விளையாட்டு என்றதும் வாசகர்களில் பலருக்கு ஒரு காட்சி கண்முன் வரும். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பையன் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேளாதவனாக உட்கார்ந்திருப்பான். அவனைக் கண்டிக்கும் பொறுப்பைப் பெற்றோர்களிடமே விட்டு விடுவோம். அவன் கையில் இருக்கும் விளையாட்டை எங்கோ ஓர் ஊரில், யாரோ ஒருவர், பல இரவுகள் கண் விழித்து உண்டாக்கியிருக்கிறார். அவர் யார்? அவர் பெயர் என்ன? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு காலத்தில் உலகத்தில் ஆள் இல்லை. பதில் சொல்லவும் அனுமதி இல்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 1972ஆம் ஆண்டு அடாரி என்ற கம்பெனி ஆரம்பமாயிற்று. 1977ல் அது வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடக்கூடிய ஒரு யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விளையாட்டுகள் சிறு கார்ட்ரிட்ஜ்களில் தனித்தனியாக வரும். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகிக் கொள்ளலாம். அந்த யந்திரத்தின் ஞாபகசக்தி மொத்தம் 128 பைட். அதாவது 128 ஆங்கில எழுத்துகள் அளவு. ஒரு தபால் கார்டில் விலாசம் எழுதினால் தீர்ந்துபோகும். இந்தச் சின்னஞ்சிறு இடத்துக்குள் அரக்கர்களையும் அரண்மனைகளையும் அடக்க வேண்டும்! அந்த நாளில் ஒரு விளையாட்டை முழுக்க முழுக்க ஒரே ஆள் செய்வதுதான் வழக்கம். கற்பனை அவருடையது, படம், ஓசை, கணக்கு எல்லாம் அவருடையது. நாவலாசிரியனைப் போலவே அவரும் தனி ஆளாகவே ஓர் உலகத்தைச் சிருஷ்டித்தார். நாவலின் அட்டையில் மட்டும் ஆசிரியர் பெயர் இருக்கும். விளையாட்டின் அட்டையில் கம்பெனியின் பெயர்தான் இருந்தது.

வாரன் ராபினெட் என்பவர் அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர். 1980ல் வெளிவந்த 'அட்வெஞ்சர்' என்ற விளையாட்டு அவர் ஆக்கியது. அது பத்து லட்சம் பிரதிகள் விற்றது என்றும், ஒரு பிரதியின் விலை 25 டாலர் என்றும், தமக்குக் கிடைத்த சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 22,000 டாலர் என்றும் அவரே பின்னால் கணக்குச் சொல்லியிருக்கிறார். பணம் போனால் போகட்டும், பெயராவது இருக்க வேண்டாமா? ராபினெட் ஒரு காரியம் செய்தார். விளையாட்டுக்குள் யாருக்கும் தெரியாத ஓர் இரகசிய அறையைக் கட்டினார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சாம்பல் நிறப் புள்ளியைத் தேடி எடுத்து வருகிறவர்களுக்கு மட்டுமே அந்த அறைக்குள் போக வழி கிடைக்கும். உள்ளே போனால், இதை ஆக்கியவர் வாரன் ராபினெட் என்ற எழுத்துகள் மின்னும். மேலதிகாரிகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு சிறுவன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியபோதுதான் விஷயம் வெளியாயிற்று.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள கல்வெட்டுகளை நினைத்துப் பார்க்கலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இராசராச சோழர் அந்தக் கோயிலைக் கட்டிய பெருந்தச்சனின் பெயரைக் கல்லில் வெட்டச் செய்தார். ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களைக்கூட ஒன்று விடாமல் பொறிக்கச் செய்தார். மகா சக்கரவர்த்திக்கு இருந்த அந்தத் தாராளம் ஒரு விளையாட்டுக் கம்பெனிக்கு இல்லாமல் போயிற்று.

அதே கம்பெனியில் டேவிட் கிரேன், லாரி காப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் என்று நான்கு பேர் இருந்தார்கள். 1978ல் கம்பெனி விற்ற விளையாட்டுகளில் பாதிக்கு மேல் வருமானம் கொண்டு வந்தவை தாங்கள் ஆக்கியவையே என்று அவர்கள் கண்டார்கள். தலைமை அதிகாரி ரே காசரிடம் போய், பெயரும் நியாயமான ஊதியமும் கேட்டார்கள். காசர் துணி வியாபாரக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்தவர். கார்ட்ரிட்ஜ்களைப் பெட்டியில் அடுக்குகிற தொழிலாளியைவிட நீங்கள் எந்த விதத்திலும் உயர்ந்தவர்கள் அல்ல என்ற பாவனையில் பதில் கிடைத்ததாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெட்டி அடுக்குகிறவரும் மதிப்புக்கு உரியவர்தான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதில் அவருக்கு மரியாதை தருவதற்காகச் சொன்னதல்ல, இவர்களுடைய மரியாதையைக் குறைப்பதற்காகச் சொன்னது. நால்வரும் வெளியேறி, 1979ல் ஜிம் லெவி என்பவருடன் சேர்ந்து ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்கள் வெளியிட்ட விளையாட்டுகளில் ஆக்கியவரின் பெயர் அச்சாயிற்று. கையேட்டில் அவருடைய புகைப்படமும் வந்தது. அடாரி வழக்குத் தொடுத்தது. வழக்கு 1982ல் சமரசத்தில் முடிந்தது.

ஆசிரியர்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைக்கும்போதே இடி விழுந்தது. லாபத்தைக் கண்டு பல கம்பெனிகள் அவசரம் அவசரமாக மட்டமான சரக்கைக் கடைகளில் குவித்தன. ஜனங்களுக்கு அலுத்துப் போயிற்று. 1983ல் சுமார் 320 கோடி டாலராக இருந்த அமெரிக்க வீட்டு வீடியோ விளையாட்டு வியாபாரம் 1985ல் சுமார் 10 கோடிக்கு இறங்கியது. 1983 செப்டம்பரில் அடாரி கம்பெனி விற்காத கார்ட்ரிட்ஜ்களை லாரிகளில் ஏற்றி, நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் குழி தோண்டிப் புதைத்தது. பலர் இதைக் கட்டுக்கதை என்றே நினைத்திருந்தார்கள். 2014ல் அந்த இடத்தைத் தோண்டிச் சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ்களை வெளியே எடுத்தார்கள்.

இந்த வீழ்ச்சியில் வேலை இழந்தவர்களில் ஒருவர் கிறிஸ் கிராஃபர்ட். பௌதிகம் படித்து, கல்லூரியில் ஆசிரியராக இருந்து, 1979ல் அடாரியில் சேர்ந்தவர். 1984ல் வேலை போயிற்று. அந்த ஆண்டிலேயே கம்ப்யூட்டர் விளையாட்டு அமைக்கும் கலையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வெளிவந்தது. கலை என்ற சொல்லை அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே வைக்க அவருக்குத் துணிவு இருந்தது. மறு ஆண்டு அவர் வெளியிட்ட 'பேலன்ஸ் ஆஃப் பவர்' என்ற விளையாட்டில் துப்பாக்கிச் சண்டை கிடையாது. அமெரிக்காவும் சோவியத் நாடும் அணுகுண்டுப் போரில் இறங்காமல் எட்டு ஆண்டுகள் காலம் தள்ள வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். யுத்தம் மூண்டுவிட்டால் வெடியும் நெருப்பும் காட்டி மகிழ்விக்க அவர் மறுத்துவிட்டார். உங்கள் தோல்விக்கு வெகுமதி கிடையாது என்ற கருத்தில் சில வரிகள் தோன்றும், ஆட்டம் முடிந்துவிடும்.

இப்படிப்பட்டவர் வீட்டில் தனியே உட்கார்ந்து யோசித்தார். என்னைப் போல் இந்தத் தேசத்தில் இன்னும் எத்தனை பேர் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள்? 1987ல் அவர்களுக்காக ஒரு சிறு பத்திரிகை நடத்தத் தொடங்கினார். மறு ஆண்டு வசந்த காலத்தில், சான் ஹோஸே நகரத்துப் பக்கத்திலிருந்த தம் வீட்டுக்கே அவர்களை அழைத்தார்.

வந்தவர்கள் சுமார் 27 பேர். அவருடைய வீட்டுக் கூடம் அவர்களைத் தாங்கியது. கூடுகிற இடத்துக்குக் கூடம் என்று நம் முன்னோர் பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்! வந்தவர்களைப் பாருங்கள். பிரெண்டா லாரல் நாடகக் கலையில் டாக்டர் பட்டம் பெற்ற பெண்மணி. பிரயன் மோரியார்ட்டி, படமே இல்லாமல் வெறும் எழுத்திலேயே விளையாட்டுகள் அமைத்தவர். அணுகுண்டின் பிறப்பைப் பற்றி 1986ல் 'டிரினிட்டி' என்ற ஆட்டத்தை எழுதியவர். டான் டாக்லோ, கல்லூரி மாணவராக இருந்த 1971லேயே பேஸ்பால் பந்தாட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஆடச் செய்தவர். ஒருவர் வேலையை ஒருவர் கடையில் காசு கொடுத்து வாங்கிப் பார்த்திருப்பார்கள். ஆக்கிய ஆளை எதிரே உட்கார வைத்து, இதை எப்படிச் செய்தாய் என்று கேட்பது வேறு சுகம் அல்லவா?

அந்த வட்டாரத்துக்கு இத்தகைய கூட்டம் முற்றிலும் புதிதல்ல. 1975 மார்ச் 5ந் தேதி, அங்கிருந்து அதிக தூரமில்லாத மென்லோ பார்க்கில், கார்டன் பிரெஞ்சு என்பவரின் வீட்டுக் கார் கொட்டகையில் சுமார் 30 பேர் கூடினார்கள். வீட்டிலேயே கம்ப்யூட்டர் செய்து பார்க்க ஆசைப்பட்டவர்கள் அவர்கள். தெரிந்ததை மறைக்காமல் சொல்வதுதான் அந்தச் சங்கத்தில் நுழைவுக் கட்டணம். அந்தக் கூட்டத்தில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற கூச்ச சுபாவமுள்ள இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் தம் இரண்டாவது கம்ப்யூட்டரில் வர்ணமும் ஓசையும் அமைத்ததற்கு ஒரு முக்கிய காரணம், செங்கல் உடைக்கும் ஒரு விளையாட்டை அதில் ஆடிக் காட்டி அந்தச் சங்கத்து நண்பர்களை மகிழ்விக்க வேண்டும் என்ற ஆசைதான். பிற்காலத்தில் பெரிய வியாபாரமாகப் பெருகிய ஆப்பிள் கம்ப்யூட்டரின் பிறப்பில் ஒரு சிநேகக் கூட்டத்தின் கைத்தட்டலுக்கும் பங்கு உண்டு.

கிராஃபர்ட் வீட்டுக் கூட்டமும் வளர்ந்தது. அதே ஆண்டு மில்பிடாஸ் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் இரண்டாம் முறை கூடியபோது சுமார் 125 பேர் வந்தார்கள். பிறகு நூறுகள் ஆயிரங்கள் ஆயின. வளர்ச்சி நல்லதுதான். ஆனால் ஆலமரம் வளர வளர அதன் நிழலில் புல் முளைப்பதில்லை. பெரிய கம்பெனிகள் வந்தன; விற்பனைக்காரர்கள் வந்தார்கள். என்ன செய்தால் இன்னும் அழகாக இருக்கும் என்ற பேச்சு குறைந்து, என்ன செய்தால் இன்னும் அதிகம் விற்கும் என்ற பேச்சு பெருகிற்று.

1993ல் நடந்த மாநாட்டில் கிராஃபர்ட் பேசினார். மனிதர்களையும் அவர்களுடைய சுக துக்கங்களையும் பற்றிய விளையாட்டு ஒன்றைப் படைப்பதே தம் கனவு என்றும், அந்தக் கனவு ஒரு பறக்கும் நாகத்தைப் போலத் தம் முன் நிற்கிறது என்றும் சொன்னார். முடிவில் வாளை உருவிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அந்த நாகத்தின் மேல் பாய்கிறவரைப் போலக் கூச்சலிட்டபடி மண்டபத்தைக் கடந்து ஓடி வெளியே போனார். பார்த்தவர்களில் சிலர் சிரித்திருக்கலாம். ஆனால் ஓடினவர் ஓடினவர்தான். வியாபார உலகத்துக்கு அவர் திரும்பவில்லை. தாமே பிறப்பித்த மாநாட்டின் நிர்வாகத்திலிருந்தும் விலக நேர்ந்தது. கால் நூற்றாண்டு காலம் அந்தக் கனவின் பின்னால் அலைந்து, 2018ல், இனி அந்த முயற்சியை நிறுத்திக் கொள்வதாக அறிவித்தார். அவர் தோற்றார் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் திறந்த கதவு திறந்தே இருக்கிறது. அதன் வழியாக 2019ல் மட்டும் சுமார் 29,000 பேர் வந்து போனார்கள். அந்த மாநாடு இப்போது சான் பிரான்ஸிஸ்கோவில் நடக்கிறது. அனைத்தையும் கண்டு கேட்க அனுமதிச் சீட்டு வேண்டுமென்றால் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும்.

ஆயிரம் டாலர் இல்லாதவன் எங்கே போவான்? சம்பளத்துக்கு வேறு ஒரு வேலையும், இரவில் தன் மனத்துக்குப் பிடித்த விளையாட்டும் என்று இருக்கிறவனுக்கு யார் கூடம் திறப்பார்கள்? இதற்கு விடை சின்னச் சின்ன ஊர்களிலும் சின்னச் சின்ன அறைகளிலும் கிடைத்தது.

2002 மார்ச்சில், கலிபோர்னியாவில் ஓக்லாந்து நகரத்துக் கொட்டகை ஒன்றில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். நாலு நாளில் ஆளுக்கு ஒரு விளையாட்டு ஆக்க வேண்டும்; வியாபாரத்துக்காக அல்ல, புதிதாக ஏதாவது தோன்றுகிறதா என்று பார்ப்பதற்காக. அந்த வழக்கம் தீப்பொறி போலப் பரவியது. 2009 ஜனவரி இறுதியில் ஒரே வாரக் கடைசியில் 23 நாடுகளில் 53 இடங்களில் இப்படிக் கூடினார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் விழித்திருந்து 370 விளையாட்டுகள் செய்தார்கள்.

அதே 2009ல் கனடா தேசத்தில் டொராண்டோ நகரத்தில் 'ஹாண்ட் ஐ சொசைட்டி' என்ற சங்கம் தோன்றியது. கையும் கண்ணும் சேர்ந்து செய்கிற வேலைக்குப் பொருத்தமான பெயர். அதைத் தொடங்கியவர்களில் ஜிம் மன்ரோ என்பவர் ஒரு நாவலாசிரியர் என்பதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. காசு போட்டு ஆடும் பழைய யந்திரங்களை அந்தச் சங்கத்தார் வாங்கிப் பழுது பார்த்தார்கள். தங்கள் ஊர்க்காரர்கள் ஆக்கிய விளையாட்டுகளை அவற்றில் வைத்து ஊராரை ஆடச் செய்தார்கள். தன் தெருக்காரன் எழுதிய கதையைத் தன் தெரு வாசகசாலையில் படிப்பது போன்ற சந்தோஷம் அது.

இன்று உலகத்தில் எத்தனையோ நகரங்களில் இப்படிச் சங்கங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு மாலை, ஒரு கல்லூரி அறையிலோ காப்பிக் கடையிலோ கூடுவார்கள். ஒருவர் பாதி முடிந்த விளையாட்டைக் கொண்டு வந்து வைப்பார். இன்னொருவர் உட்கார்ந்து ஆடுவார். அப்போது ஆக்கியவர் வாயைத் திறக்கலாகாது என்பது இந்தத் தொழிலில் ஒரு நல்ல வழக்கம். இடது பக்கம் கதவு இருக்கிறது, பாருங்கள் என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லக் கூடாது. நாளை ஒருவர் காசு கொடுத்து வாங்கி வீட்டில் ஆடும்போது பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஆசிரியர் இருக்கப் போவதில்லை. கதவு கண்ணில் படாவிட்டால் அது ஆடுகிறவரின் பிழை அல்ல, கட்டியவரின் பிழை. வாசகர் புருவத்தைச் சுளிக்கிற இடத்தை எதிரே உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் எங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தால் எத்தனையோ அத்தியாயங்கள் சுருங்கும்!

பெரிய மாநாட்டுக்கு உள்ளேயே சுயேச்சையாகத் தொழில் செய்கிறவர்களுக்கென்று 1999 முதல் ஒரு விழா நடக்கிறது. 2000ஆம் ஆண்டு அதன் முதற்பரிசு கனடாவைச் சேர்ந்த ஷேமஸ் மக்னாலி என்ற இளைஞருக்குக் கிடைத்தது. குடும்பத்தாரே சேர்ந்து நடத்திய சிறு கம்பெனியில் அவர் முதன்மையாக இருந்து ஆக்கிய 'ட்ரெட் மார்க்ஸ்' என்ற விளையாட்டுக்குக் கிடைத்த பரிசு அது. அப்போதே புற்றுநோய் அவரைப் பிடித்திருந்தது. பரிசு வாங்கிய அந்த மார்ச் மாதத்திலேயே, 21ஆம் வயதில், அவர் காலமானார். மறு ஆண்டிலிருந்து அந்த முதற்பரிசுக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள். ஆக்கியவனின் பெயர் இரகசிய அறையில் ஒளிந்து கிடந்த தொழில் இது. சுமார் 20 ஆண்டுகளில் அதே தொழிலில், வீட்டிலிருந்து விளையாட்டு ஆக்கிய ஒரு பிள்ளையின் பெயர் பரிசுகளில் தலையான பரிசுக்குப் பெயராயிற்று.

2024ல் ஷேமஸ் மக்னாலி பரிசைப் பெற்ற விளையாட்டின் பெயரைக் கேட்டால் தமிழ் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும். அதன் பெயர் 'வெண்பா'. டொராண்டோவில் அபி என்ற தமிழர் தொடங்கிய 'விசை கேம்ஸ்' என்ற சிறிய குழுவின் படைப்பு அது. 1980களில் தமிழ்நாட்டை விட்டுக் கனடாவில் குடியேறிய வெண்பா என்ற பெண்ணும், அவள் கணவன் பாவலனும், மகன் கவினும்தான் கதாபாத்திரங்கள். தாய் கொடுத்த சமையல் புத்தகத்தில் சில வரிகள் அழிந்து போயிருக்கின்றன. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே வரும் என்பதை ஆடுகிறவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். வாளும் இல்லை, வெடிகுண்டும் இல்லை. அம்மா பேசுகிற தமிழைப் புரிந்துகொண்டும், பதில் சொல்ல நாணுகிற பிள்ளை ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் அவளுக்கும் நடுவே ஓர் அடுப்பு எரிகிறது.

மனிதர்களைப் பற்றி விளையாட்டு வேண்டும் என்று வாளை உருவிக்கொண்டு ஓடிய கிராஃபர்ட் கேட்டது இதைத்தானா என்று நான் சொல்ல முடியாது. அவர் கனவு இன்னும் பெரியது. ஆனால் இட்லிப் பாத்திரத்தைச் சுற்றி ஒரு குடும்பத்தின் துக்கத்தைச் சொன்ன விளையாட்டுக்கு, அவர் வீட்டுக் கூடத்தில் முளைத்த மாநாட்டின் மேடையிலேயே முதல் மரியாதை கிடைத்தது.

நம் ஊர்களிலும் பிள்ளைகள் இரவு முழுவதும் விளக்கை எரிய விட்டு இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் தருகிறவர்கள் மெதுவாக வரட்டும். அதற்கு முன்னால், மாதம் ஒரு மாலை கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களைப் பெயர் சொல்லி உள்ளே அழைத்து, பத்துப் பேருக்குக் காப்பி கலந்து கொடுக்கிற ஒரு வீடு இருந்தால் போதும்.